பதிமூன்றரை லட்சமும் ஒரு வரி நோட்டும்

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கோயில். பேர் வேண்டாம். கல்வெட்டு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன், வெளிச்சம் போய்விட்டது. சரி, தீபாராதனை பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று நின்றேன். நடை திறக்கிற நேரத்தில் ஒரு பையன் சுவரோரமாகப் போய் சுவிட்சைத் தட்டினான். இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்த முரசும் சேகண்டியும் மணியும் தாமாகவே அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. இப்போது எல்லா ஊரிலும் இருக்கிற மின்சார மேளம்தான். தீபாராதனை முடிந்தது, பையன் சுவிட்சை அணைத்தான், காது கொஞ்ச நேரம் அடைத்துக்கொண்டது.

வெளி மண்டபத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அதே கோயிலில் நாகசுரம் வாசித்தவர். அவருடைய அப்பாவும் அங்கேதான் வாசித்தார். "அண்ணாச்சி, உங்க எடத்துல இப்போ யாரு?" என்று கேட்டேன். "அந்தா நிக்குல்லா" என்று மின்சார மேளத்தைக் காட்டினார். "அதுக்குச் சம்பளம் கெடையாது, லீவு கெடையாது, பென்சனும் கேக்காது. உள்ளதச் சொல்லுகேன் தம்பி, தாளம் மட்டும் எப்பவும் ஒண்ணுதான்."

பென்சன் என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். நாஞ்சில் நாட்டில் கலைக்கு யார் காசு கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாகக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அந்தக் குறிப்புகளை எடுத்து உட்கார்ந்தேன்.

முதலில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். நம் மாவட்டத்துக் கோயில்களுக்கான மானியம் இந்திய அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 290-ஏ பிரிவு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, ஏழாவது திருத்தத்தின் வழியாக இந்தப் பிரிவு வந்தது. அதன்படி கேரள அரசு திருவிதாங்கூர் தேவசம் நிதிக்கு ஆண்டுதோறும் 46,50,000 ரூபாய் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு அரசு இந்தப் பக்கம் வந்த கோயில்களுக்காக 13,50,000 ரூபாய் கொடுக்க வேண்டும். சட்டமன்றத்தில் ஓட்டெடுப்புக்கு விடாமல் நேரடியாக அரசுக் கருவூலத்திலிருந்து கொடுத்தாக வேண்டிய தொகை. ஒரு மாவட்டத்துக் கோயிலின் விளக்கெண்ணெய்ச் செலவுக்கு அரசியலமைப்பில் ஒரு வரி! நண்பர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள், புத்தகத்தை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

இந்தத் தொகை கலைக்கென்று ஒதுக்கப்பட்டதல்ல. பூஜை, சம்பளம், ஓடு மாற்றுவது எல்லாம் இதற்குள்தான். ஆனால் நாகசுரமும் தவிலும் இதற்குள்தான் இருந்தன. நம் ஊரில் ரொம்ப காலமாக அரசாங்கம் கலைக்குக் கொடுத்த பணம் கோயில் கணக்கு வழியாகத்தான் போனது. அது எப்படி வந்தது என்று பார்க்க, இன்னும் ஒரு நூற்றைம்பது வருஷம் பின்னால் போக வேண்டும். 

1805 உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் அரசு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் கப்பம் கட்ட வேண்டும். பாக்கி ஏறியது. தலக்குளத்துக்காரரான திவான் வேலுத்தம்பியின் கலகமும் முடிவும் நடந்தது அதன் பிறகு. அடுத்து ரெசிடென்டாக வந்த கர்னல் மன்றோ 1811-ல் திவான் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். ஊராளர்களும் யோகக்காரர்களும் நிர்வகித்துவந்த கோயில் சொத்துகளைச் சர்க்காரோடு சேர்த்தார். பெரிய தேவசங்கள் 348, சிறியவை 1171 என்று கணக்கு. சுசீந்திரமும் அதில் ஒன்று. நிலத்தை எடுத்துக்கொண்டதற்குப் பதிலாக, கோயில் செலவைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு.

அதற்காக ஒவ்வொரு கோயிலுக்கும் 'பதிவு' என்று ஒன்று இருந்தது. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் படித்தரம் என்பார்கள். எத்தனை நாழி அரிசி, எவ்வளவு எண்ணெய், மேளக்காரருக்கு எவ்வளவு, திருவிழாவுக்கு எத்தனை பேர், எல்லாம் எழுதிவைத்த பட்டியல். அதில் எழுதியிருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. கலைஞர் என்ற சொல்லே அந்தக் கணக்கில் வராது. மாலை கட்டுகிறவர், பாத்திரம் துலக்குகிறவர், நாகசுரக்காரர், ஆடுகிற பெண் எல்லாரும் ஒரே பட்டியலில் வரும் ஊழியக்காரர்கள்.

ஆடுகிற பெண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெற்குத் திருவிதாங்கூரில் தேவதாசிகளைக் 'குடிக்காரி' என்றும் அழைத்தார்கள். சர்க்கார் வாடகையில்லாமல் கொடுத்த குடியில், அதாவது வீட்டில், இருப்பவள் என்று பொருள். 1909-ல் வெளிவந்த தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுதிகளில் ஒரு சடங்கைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. வயதாகி ஊழியம் செய்ய முடியாமல் போனால் அந்தப் பெண் ஓய்வூதியம் கேட்டுச் சர்க்காருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அரண்மனையில், அரசரின் முன்னிலையில், காதிலிருக்கும் தோடுகளைக் கழற்றி வைப்பாள். அதற்குத் 'தோடுவைப்பு' என்று பேர். அதன் பிறகு அவள் 'தாய்க்கிழவி'. சம்பளம் நிற்காது.

இதைப் படித்துவிட்டு "ஆகா, அந்தக் காலத்தில் கலைஞர்களை எப்படி வைத்திருந்தார்கள்" என்று உருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு உருக முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேறு வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்க வழி இல்லை. பிறகு ராணி சேது லட்சுமிபாய் ரீஜென்டாக இருந்த காலத்தில் (1924-31) இந்த முறை நிறுத்தப்பட்டது. நிறுத்தியது நல்லதே. ஆனால் வயதான ஆட்டக்காரிக்கு ஓய்வூதியம் உண்டு, அதைக் கேட்டு வாங்க ஒரு வழி உண்டு என்று ஒரு அரசு நினைத்திருந்ததே, அதை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பணம் யாருடைய பணம்? நிலவரியிலிருந்து வந்தது. வயலில் இறங்கி அந்த நெல்லை விளைவித்தவர்களில் பெரும்பாலானவர்கள் சுசீந்திரம் கோயிலைச் சுற்றியிருக்கும் தெருவில் நடக்கக்கூட முடியாது. அதற்காகத்தான் 1926-ல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. கோயிலுக்குள் எல்லா இந்துக்களும் போகலாம் என்று பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல். அதுவரை அவர்களுடைய உழைப்பில் நடந்த நாகசுரத்தை அவர்கள் வயல் வரப்பில் நின்று கேட்டிருந்தால்தான் உண்டு. கலைக்கு அரசு காசு கொடுக்கலாமா என்று இன்றைக்கு உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். யார் கொடுக்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்ற கேள்விக்கு நம் ஊரில் இவ்வளவு பழைய, இவ்வளவு கசப்பான பதில் இருக்கிறது.

தேவசம் தனித் துறையானதற்கும் இதோடு தொடர்பு உண்டு. மன்றோவின் ஏற்பாட்டில் கோயில்களை நிலவரித் துறைதான் பார்த்துக்கொண்டது. தாசில்தார் கோயிலுக்குள்ளும் போக வேண்டும். அதனால் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் யாரையும் அந்தத் துறையில் வேலைக்கு எடுப்பதில்லை. இதை எதிர்த்துக் குரல் எழுந்தது. அதன் விளைவாக 1922-ல் தேவசம் பிரகடனம் வந்தது, கோயில் வேறு வருவாய்த்துறை வேறு என்று பிரித்தார்கள். வேலைக்காக நடந்த போராட்டம் கோயில் மேளக்காரரின் சம்பளக் கணக்கையும் மாற்றியது.

என் பார்வையில் இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான். 1922 பிரகடனத்தில் தேவசத்துக்கு இத்தனை ரூபாய் என்று போடவில்லை. நிலவரியின் முக்கியமான இனங்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். எடுத்துக்கொண்ட நிலத்துக்கு ஈடாகக் கொடுப்பதுதானே, வருமானம் ஏறினால் இதுவும் ஏறும் என்ற நியாயம். 1940-களில் இதைக் குறிப்பிட்ட ரூபாய்த் தொகையாக மாற்றிவிட்டார்கள். பிறகு சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோதும், 1956-ல் மாநிலம் பிரிந்தபோதும் தொகையாகவே எழுதினார்கள்.

1956-ல் ஒரு பவுன் தங்கம் நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. அப்படிப் பார்த்தால் பதிமூன்றரை லட்சம் என்பது குறைந்தது 13,500 பவுன். இப்போது பவுன் ஐம்பதாயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. ஐம்பதாயிரம் என்று வைத்தாலே அதே தொகைக்கு 27 பவுன்தான் வரும். ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்குக்கூடப் போதாது, நம் ஊரில் பெண்ணைப் பெற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். பின்னால் வந்த அரசுகள் இதற்கு மேல் தனி மானியம் கொடுத்து அதைக் கோடிக்கணக்கில் உயர்த்தியிருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குவது, அறிவிப்பில் வருவது. இடைப்பட்ட பல ஆண்டுகளில் கைச்சுருக்கம் வந்தபோது முதலில் எதை விட்டிருப்பார்கள்? நைவேத்தியத்தை விட முடியாது. விளக்கை விட முடியாது. நாகசுரக்காரர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்பாமல் விடலாம். அப்படித்தான் சுவிட்ச் வந்தது.

சரி, கோயில் மதிலுக்கு வெளியே என்ன நடந்தது?

எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியப்பா ஊர்க்கமிட்டியில் கணக்கு எழுதினார். அவர் இறந்த பிறகு பரணில் கொடைக்கணக்கு நோட்டுகள் கிடைத்தன. அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி எவ்வளவு, யார் கட்டினார், யார் பாக்கி என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. செலவுப் பகுதியில் 'வில்லு வகை' என்று ஒரு வரி ஒவ்வொரு வருஷமும் வருகிறது. அடுத்து நையாண்டி மேளம், பந்தல், வாழைக்குலை, கணியான். அந்த வில்லு வகைத் தொகை ஒரு வருஷம்கூட முந்தின வருஷத்தைவிடக் குறையவில்லை. சில வருஷம் எழுதிய எண்ணை அடித்துவிட்டு மேலே கூட்டி எழுதியிருக்கிறார். புலவர் பேரம் பேசியிருப்பார் போலிருக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் பென்சிலில் "குடம் சரியில்லை, அடுத்த தடவை வேற செட்" என்று குறிப்பு.

வில்லுப்பாட்டு நம் பக்கத்துக் கலை. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில்களில் கொடை என்றால் வில்லு இல்லாமல் முடியாது. தெய்வம் பிறந்த கதை, கொலைப்பட்ட கதை, எல்லாம் ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். கதையின் குறிப்பிட்ட கட்டம் வரும்போது சாமி ஆடுகிறவர் எழுந்துவிடுவார். பாடகர் அந்தக் கட்டத்தை இழுக்கவும் தெரிந்திருக்க வேண்டும், சுருக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இதற்குச் சர்க்கார் ஒரு பணம்கூடக் கொடுத்ததில்லை. பதிவில் சுடலைமாடனுக்கு இடம் இல்லை. சுசீந்திரத்துத் தெருவில் நடக்க முடியாதவர்களும் தங்கள் தங்கள் ஊரில் வரி பிரித்து வில்லு வைத்தார்கள். அவர்களுக்கென்று புலவர்கள் உண்டாகி வந்தார்கள்.

ஊர் வரியை ஒரேயடியாகப் புகழவும் எனக்கு மனமில்லை. வரி கட்டாதவன் கொடையில் முன்னால் நிற்க முடியாது. வரி வாங்குவதில்லை என்று சொல்லியே சில குடும்பங்களை ஒதுக்கி வைத்த கதைகளும் உண்டு. அதோடு ஊருக்கு ரசனை மாறும். இப்போது கமிட்டிப் பையன்களுக்குச் சிங்காரி மேளம் வேண்டும், இன்னிசைக் கச்சேரி வேண்டும். வில்லுக்கு முன்னால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாலு கிழவிகளும் சாமியாடியும்தான் இருக்கிறார்கள். ஆனாலும் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். கதை பாடாமல் விட்டால் சாமி கோபிக்கும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. அந்தப் பயம் இருக்கும்வரை தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு இந்த மதிலுக்கு வெளியே இருந்த கலைகளைக் கண்டுகொண்டது. உலகம் முழுக்க அந்தப் பேச்சு இருந்த காலம். இங்கிலாந்தில் போருக்கிடையே தொடங்கிய ஏற்பாடு 1946-ல் ஆர்ட்ஸ் கவுன்சில் ஆனது. பொருளாதார அறிஞர் கெயின்ஸ் அதற்கு முன்னின்றவர். காசு அரசாங்கத்துடையது, எதை மேடையேற்றுவது என்பதில் மந்திரிகள் தலையிடக் கூடாது என்பது அவர்கள் வைத்த முறை. இந்தியாவில் சங்கீத நாடக அகாதெமி 1953 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அடுத்து மாநிலத்தில் இயல் இசை நாடக மன்றம். 1954-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் பாட்டு நாடகப் பிரிவு. இந்தக் கடைசிப் பிரிவுக்கு வேண்டியது கலை அல்ல, செய்தி சொல்ல ஒரு வாய்.

வில்லுப்பாட்டு அதற்கு வாகாக அமைந்தது. ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லை நகரத்து மேடைக்குக் கொண்டுபோயிருந்தார். அவரோடு பணியாற்றிய சுப்பு ஆறுமுகம் அதைப் பல பத்தாண்டுகள் நடத்திக் காட்டினார், 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். சாமி இல்லாமலும் வில்லடிக்கலாம் என்று நிரூபித்தவர்கள் அவர்கள். பிறகு அரசு அலுவலகங்களும் பிடித்துக்கொண்டன. என் சிறுவயதில் பள்ளிக்கூட மைதானத்தில் குடும்பக்கட்டுப்பாடு வில்லுப்பாட்டு பார்த்தேன். அதே வில், அதே குடம், அதே உடுக்கை, "ஆமா" போடுகிற அதே பக்கப்பாட்டு. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பாட்டி "இதென்னடே, சாமியே வரல்ல, அதுக்குள்ள மங்களம் பாடிட்டான்" என்றாள்.

பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று இப்போது படுகிறது. அரசு கொடுக்கும் பணம் கலையை எந்த அளவில் வெட்டுகிறது என்று பாருங்கள். வானொலியில் அரைமணி. திருநெல்வேலி வானொலி 1963-லும் நாகர்கோவில் வானொலி 1984-லும் தொடங்கின, நல்ல புலவர்கள் பலருடைய குரல் அதனால்தான் ஊர் தாண்டியது, மறுக்கவில்லை. 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற விழாக்களில் அதைவிடவும் குறைவு. நண்பர் ஒருவர் குழுவோடு சென்னைக்குப் போய்வந்தார். போக வர ரயிலில் இரண்டு ராத்திரி, மேடையில் இருபது நிமிஷம். "காப்புக் கட்டி முடிக்கதுக்குள்ள மணியடிச்சுட்டானுவ" என்றார். காசு சரியாக வந்தது, சாப்பாடு நன்றாக இருந்தது என்றும் சொன்னார். இருபது நிமிஷம் பாடிப் பழகியவர்களிடம் இன்னும் கொஞ்ச காலம் கழித்து எட்டு மணி நேரக் கதையைக் கேட்டால் எங்கிருந்து பாடுவார்கள்?

விருதுகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மாவட்டக் கலை மன்றம் வயதுவாரியாக ஐந்து விருது கொடுக்கிறது. பதினெட்டு வயது வரை இளமணி, அப்புறம் வளர்மணி, சுடர்மணி, நன்மணி, அறுபத்தைந்து தாண்டினால் முதுமணி. கலைஞர் எப்படிப் பாடுகிறார் என்பதைவிடப் பிறந்த தேதிச் சான்றிதழ் முக்கியம் போலிருக்கிறது என்று ஒரு புலவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். விருதை வாங்கிச் சுவரில் மாட்டியும் இருக்கிறார்.

ஆனால் அரசு விலகிப் போய்விட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படித் தோன்றும்போதெல்லாம் தோல்பாவைக்கூத்துக்காரர்களை நினைத்துக்கொள்வேன். வீட்டில் மராத்தி பேசுகிற மண்டிகர் சமூகத்தவர் நடத்துகிற கலை. ஆட்டுத்தோலில் பாவை வெட்டி, சாயமேற்றி, திரைக்குப் பின்னால் ஒரே ஆள் ராமனுக்கும் ராவணனுக்கும் குரல் கொடுப்பார். நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைப்பார்கள். ராமாயணம் பத்து நாள் நடக்கும். அ.கா.பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் இவர்களோடு பழகி எழுதிவைத்ததால் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. இவர்களுக்குக் கோயில் பதிவில் இடம் இருந்ததில்லை. கொடைக்கணக்கிலும் நிரந்தரமான வரி கிடையாது. ஊர் ஊராகப் போய் கூடாரம் போட்டு, பார்க்க வருகிறவர் கொடுக்கிற காசில் வாழ்ந்தவர்கள். டிவி வந்ததும் அந்தக் காசு நின்றுவிட்டது. சாமி கோபிக்கும் என்று சொல்லி இவர்களைக் கூப்பிட யாருமில்லை. இவர்களுக்கு அரசுதான் வழி, அது இருபது நிமிஷமானாலும் சரி. 2007-ல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் மாதிரி ஏற்பாடுகளை நான் கேலி செய்யாததற்குக் காரணம் இதுதான்.

பெரியவர் கதைக்கு வருகிறேன். அவர் வயதான கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறார். ஒரு அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று நானும் கேட்கவில்லை. "கலைஞர்ங்கதுக்கு என்ன ஆதாரம்னு கேக்குகான் தம்பி. மேடையில வாசிச்ச போட்டோ, நோட்டீஸ் எல்லாம் கொண்டாங்கான். நான் எங்க மேடையில வாசிச்சேன்? சன்னதியில வாசிச்சேன். விடியக்காலம் நாலு மணிக்கு யாரு போட்டோ எடுப்பா?"

சம்பளப் பதிவேட்டில் அவர் பேர் இருக்குமே என்றேன். இருக்கும் என்றார். அப்பா பேர் பழைய பதிவுப் புத்தகத்தில் மலையாள எழுத்தில் இருந்ததைச் சின்ன வயதில் பார்த்ததாகச் சொன்னார். நாகசுரம், அவருடைய பேர், பக்கத்தில் நெல் அளவு. அந்தப் புத்தகங்கள் எல்லாம் ஓர் அறையில் சாக்கில் கட்டிக் கிடப்பதாகவும், சாவி வைத்திருக்கிறவர் வெள்ளிக்கிழமைதான் வருவார் என்றும் சொன்னார்.

வருகிற வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். எனக்கு மலையாளம் கொஞ்சம் படிக்க வரும். கரையான் விட்டுவைத்திருந்தால் பக்கத்தைப் படமெடுத்து, விண்ணப்பத்தோடு வைத்துத் திரும்ப அனுப்ப வேண்டும்.